எட்டரைப் பாகையில் ரோஜா

ரோஜாப் பேரினத்தில் ஏறக்குறைய 150 சிற்றினங்கள் உண்டு. அத்தனையும் பூமியின் வட பாதியைச் சேர்ந்தவை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இயற்கையாகத் தோன்றிய ரோஜா ஒன்றுகூடக் கிடையாது. சீனா, நடு ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று குளிர்காலம் வந்துபோகும் நாடுகளிலேயே பெரும்பாலானவை பெருகியிருக்கின்றன. தென்னிந்தியாவில் காட்டு ரோஜாவைப் பார்க்க நீலகிரிக்கோ பழனி மலைக்கோ ஏற வேண்டும். அங்கே சோலைக்காடுகளின் ஓரத்தில் மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் வெள்ளைப் பூக்கொடி ஒன்று இருக்கிறது. புதுச்சேரித் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரைத் தாங்கிய ரோசா லெஷெனோல்டியானா அது. எட்டரைப் பாகை வடக்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் திருவனந்தபுரத்துக்கு ரோஜா வந்தேறிதான். அதன் மூதாதையர் பழகிய பருவங்களில் எதுவும் இந்நகரில் இல்லை.

நகரத்தின் பழைய பூங்கா மியூசியம் வளாகம். அருங்காட்சியகம் 1857இலும் மிருகக்காட்சிசாலையும் தோட்டமும் 1859இலும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. ராபர்ட் சிஸம் வடிவமைத்த நேப்பியர் மியூசியக் கட்டடம் 1880இல் முடிந்தது. இங்கே வருகிறவர்களை முதலில் வரவேற்பது மர நிழல். வெப்ப நாட்டில் பூங்கா போட்டவர்கள் நிழலைத்தான் முதலில் நட்டார்கள், அது சரியான முடிவும்கூட. ஆனால் ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். குறைந்தால் தண்டு நெடுநெடுவென்று நீண்டு இலை மட்டும் விடும். நிழலைத் தவிர்த்து வெட்டவெளியில் நட்டாலோ ஏப்ரல் வெயில் இதழைக் கருக்கிவிடும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் இந்நகரில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் விழாத நாட்கள் அவை. மே மாதம் ரோஜா பார்க்க ஆசைப்படும் திருவனந்தபுரம் குடும்பங்கள் ஊட்டிக்குப் பேருந்து ஏறுவதன் காரணம் இந்த முரண்பாட்டில் இருக்கிறது.

ஊட்டியின் அரசு ரோஜாப் பூங்கா மலர்க்காட்சியின் நூற்றாண்டையொட்டி 1995இல் அமைக்கப்பட்டது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006இல் அதற்குச் சிறந்த தோட்டத்துக்கான விருது வழங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் கடற்கரையைவிட ஊட்டி ஏறக்குறைய 14 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உண்மையும் அதை ஒட்டியே இருக்கிறது. ஏப்ரல் மாதத்து இரவில் திருவனந்தபுரத்தின் வெப்பமானி 25 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும்போது ஊட்டியில் பதினொன்று, பன்னிரண்டு காட்டும்.

ரோஜாவின் தலைவிதியை எழுதுவது பகல் வெயில் என்றே பலரும் நினைக்கிறார்கள். பகலைவிட இரவுக்குத்தான் அதில் பங்கு அதிகம். இலை பகலில் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை சேர்க்கிறது. இரவில் செடி சுவாசிக்க மட்டும் செய்கிறது, அதாவது சேர்த்த சர்க்கரையை எரிக்கிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சுவாச வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 14 டிகிரி வித்தியாசத்துக்கு அது இரண்டரை மடங்கைத் தாண்டும். பகல் கூலியை இரவே தீர்த்துவிடும் வீட்டில் சேமிப்பு எங்கிருந்து வரும்? மொட்டுக்குப் போக வேண்டிய சர்க்கரை குறைகிறது. பூ சிறுக்கிறது, காம்பு மெலிகிறது. பசுமைக்குடில்களில் ரோஜா வளர்ப்பவர்கள் இரவு வெப்பத்தை 15 முதல் 18 டிகிரிக்குள் நிறுத்தப் பாடுபடுவது இதற்காகத்தான்.

கடலோர இரவு ஏன் ஆறுவதில்லை என்பதற்குக் காற்றில் இருக்கும் நீராவி காரணம். சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு வெளியேற்றுகிறது. நீராவி அந்தக் கதிரை உறிஞ்சி ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்பிவிடும். ராஜஸ்தானின் வறண்ட காற்றில் பகல் 40 டிகிரியைத் தாண்டினாலும் விடியற்காலை சுகமாக இருக்கும். திருவனந்தபுரத்தில் பகல் 33 டிகிரிதான், ஆனால் இரவு அதிலிருந்து எட்டு டிகிரி இறங்கவே திணறுகிறது. அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்து ரோஜா ரகத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள்.

பகலிலும் சிக்கல் உண்டு. ரோஜா, நெல், கோதுமை போன்ற செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். வெப்பம் ஏறும்போது அது கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது அதிகமாகிறது, அதைச் சரிசெய்யவே செடி சேர்த்த ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. கரும்பும் மக்காச்சோளமும் இதைத் தவிர்க்கத் தனி வழி கண்டுபிடித்துவிட்டன. ரோஜாவிடம் அந்த வித்தை இல்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு பூவைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இவை எல்லாம் கண்ணுக்கே தெரியும். காலை ஆறு மணிக்குப் பாதி விரிந்த மொட்டாக, கூம்பிய வடிவம் குலையாமல் இருக்கிறது. பத்து மணிக்குள் இதழ்கள் முழுக்க மலர்ந்து நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் வெளியே தெரிகின்றன. மாலையில் வெளி இதழ்களின் விளிம்பு காகிதத்தைத் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ உதிர்ந்துவிடும். இதே ரகத்துப் பூ ஊட்டியில் ஒரு வாரம் நிற்கும். வெப்பம் செடியின் வளர்ச்சிக் கடிகாரத்தையே முடுக்கிவிடுவதால் மொட்டு உருவாவதும் விரிவதும் வாடுவதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு நடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் செல்கள் பிரிந்து பெருகக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது.

இதழ்களை எண்ணினாலும் வித்தியாசம் தெரியும். காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ். தோட்ட ரோஜாவின் அடுக்கிதழ்கள் உண்மையில் மகரந்தத் தாளாக ஆகியிருக்க வேண்டியவை. பூ மொட்டுக்குள் எந்த வளையம் இதழாகும், எது மகரந்தத் தாளாகும் என்று எல்லை கட்டும் மரபணு ஒன்று இருக்கிறது. அகாமஸ் என்பது அதன் பெயர். அதன் ஆட்சி நடுப்பகுதியோடு சுருங்கினால் வெளியே இருப்பவை இதழாகிவிடும். குளிரில் இந்த மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் மெத்தில் குழுக்கள் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவைப்பதையும், அதனால் இதழ் எண்ணிக்கை கூடுவதையும் சீன ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். அதே செடி டிசம்பரில் நிறைந்த அடுக்குப் பூவும் ஏப்ரலில் இதழ் குறைந்த பூவும் தருவதற்கு இதுவே விளக்கம். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு குளிர்காலம் பொறுத்துப் பார்ப்பது நியாயம்.

நிறமும் வெளிறும். ரோஜாவின் சிவப்பும் இளஞ்சிவப்பும் ஆந்தோசயனின் வகை நிறமிகளால் வருபவை. வெப்பத்தில் அவற்றைத் தயாரிக்கும் மரபணுக்களின் வேகம் குறைகிறது, உண்டான நிறமியும் சீக்கிரம் சிதைகிறது. குளிர் மாதங்களில் கருஞ்சிவப்பாகப் பூத்த செடி கோடையில் வெளிறிய சிவப்பாகப் பூப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு இடைஞ்சல்களுக்கு நடுவே திருவனந்தபுரத்தில் ரோஜா பூக்கவே பூக்கிறதே, அது எப்படி என்பதுதான் சுவையான கேள்வி. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு தடவை, குளிர்காலம் கழிந்த பிறகே பூக்கும். குளிர்காலமே இல்லாத, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரமே வித்தியாசம் உள்ள ஊரில் அவற்றுக்குப் பூக்கும் நாள் எது என்று சொல்ல ஆளில்லை. அவை வெறும் புதராகவே காலம் தள்ளும்.

பூப்பதைத் தடுத்துவைக்கும் மரபணு ஒன்று அந்த ரோஜாக்களில் இருக்கிறது. கே.எஸ்.என். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வசந்தத்தில் அதன் பிடி தளரும்போது பூக்கள் வரும். அதன்பின் பிடி இறுகி, செடி இலை விடுவதோடு நின்றுவிடும். சீனாவில் என்றோ ஒரு காலத்தில், இடம் மாறிக் குதிக்கும் டி.என்.ஏ. துண்டு ஒன்று இந்த மரபணுவின் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. தடை செயலிழந்தது. அந்தச் செடியின் ஒவ்வொரு புதுத் தளிரும் முனையில் ஒரு பூவோடு முடிந்தது, மாதம் எதுவானாலும். சீனத் தோட்டக்காரர்கள் அதை விடாமல் பெருக்கினார்கள். 2012இல் வெளியான ஆய்வுதான் இந்தச் செருகலை அடையாளம் காட்டியது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிந்திய வணிகக் கப்பல்களில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. கல்கத்தாத் தாவரத் தோட்டம் அவற்றுக்கு வழித்தங்கலாக இருந்தது. ஐரோப்பிய ரோஜாவின் பருமனும் சீன ரோஜாவின் ஓயாத பூப்பும் சேர்ந்து, 1867இல் பிரான்சில் ‘லா ஃபிரான்ஸ்’ என்ற ரகம் வெளிவந்தது. இன்று கடைகளில் விற்கும் நீண்ட காம்பு ரோஜாக்களின் வரிசையை அதிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கம். திருவனந்தபுரத்து நர்சரிகளில் ஒட்டுக்கட்டி விற்கும் ரோஜாக்கள் மாதந்தோறும் பூப்பது அந்தச் சீனச் செருகலின் புண்ணியத்தில்தான். பழைய சீன ரகமான ‘ஓல்டு பிளஷ்’ஷின் மரபுத்தொகுதி 2018இல் முழுமையாகப் படித்து வெளியிடப்பட்டது.

ஐரோப்பாவுக்குப் போகாமல் நடுவழியிலேயே பிறந்த உறவு ஒன்றும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அன்று பூர்போன் என்று பெயர். அங்கே வயல் வேலிகளில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் பக்கம் பக்கமாக நின்றதில் தானாகக் கலந்து உண்டானது எட்வர்ட் ரோஜா. டமாஸ்க்கின் மணம், சீனத்தின் அடிக்கடிப் பூப்பு, வெப்பமண்டலத் தீவின் சூட்டுக்குப் பழகிய உடல் மூன்றும் சேர்ந்த செடி. தென்னிந்தியாவில் அது இரண்டு வேலை செய்கிறது: உதிரிப் பூவாகச் சந்தைக்குப் போகிறது, மற்ற ரோஜாக்களை ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியாகவும் பயன்படுகிறது.

உதிரிப் பூச் சந்தை என்றால் தோவாளை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகே, திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்து, அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்து ஊர். அரசியல் எல்லை மாறினாலும் பூ வரும் வழி மாறவில்லை. திருவனந்தபுரத்துக் கோயில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஓணத்து அத்தப்பூக்களுக்கும் தோவாளைப் பூ போய்க்கொண்டே இருக்கிறது. செலஃபேன் சுற்றிய நீண்ட காம்பு ரோஜாவோ வேறு வழியில், ஓசூர், பெங்களூரு பசுமைக்குடில்களிலிருந்து வருகிறது. ஓசூர் 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பதால் அதன் இரவுகள் ரோஜாவுக்கு ஒத்துப்போகின்றன. நகரம் ரோஜாவை விளைவிப்பதைவிட வாங்குவது அதிகம் என்று சொன்னால் மிகையில்லை.

பெட்டிக் கடை ரோஜாவை மோந்து பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது ஏமாற்றம். ரோஜா மணத்தின் பெரும் பங்கு ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல் எத்தனால் ஆகிய சேர்மங்களால் வருவது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணமுள்ள ‘பாப்பா மெயான்’ ரகத்தையும் மணமற்ற ‘ரூஜ் மெயான்’ ரகத்தையும் ஒப்பிட்டு, ஜெரானியால் உண்டாவதற்கு வேண்டிய நொதியொன்று மணமற்றதில் அடங்கிக்கிடப்பதை 2015இல் கண்டறிந்தார்கள். பிற தாவரங்கள் மணத்துக்குப் பயன்படுத்தும் வழக்கமான நொதிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல அது; ரோஜா தனக்கென்று வேறொரு பாதை போட்டிருக்கிறது. வெட்டுப்பூ ரகங்களில் பல நாள் வாடாமல் நிற்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்வு நடந்தது. மணத்தை யாரும் கேட்கவில்லை, அது நழுவிப்போனது.

இந்த மணப் பொருட்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. கோடை வெயில் ஏற ஏற இதழிலிருந்து பறந்துவிடும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் பக்கத்து அத்தர்க்காரர்கள் சூரியன் உதிப்பதற்கு முன்பே டமாஸ்க் பூக்களைப் பறித்துச் செப்பு அண்டாவில் ஏற்றிவிடுவது அதனால்தான். வடிக்கும்போது ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் எண்ணெயோடு மிதக்கும். ஃபீனைல் எத்தனால் நீரில் கரைவதால் பன்னீருக்குள் தங்கிவிடும். கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்பில் வருவது முக்கியமாக இந்தக் கடைசிச் சேர்மத்தின் மணம். பூங்காவில் ரோஜா மணத்தை அறிய விரும்புபவர் எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்.

பூவைவிட இலைக்குத்தான் இந்நகரில் ஆபத்து அதிகம். கரும்புள்ளி நோயை உண்டாக்கும் டிப்ளோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சைக்கு வேண்டியது ஒன்றே: இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். அதற்குள் வித்து முளைத்து இலைத் தோலைத் துளைத்துவிடும். புள்ளியைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் ஓரம் நேர்கோடாக இல்லாமல் இழை இழையாகப் பிரிந்திருக்கும். சுற்றிலும் இலை மஞ்சளாகும், பிறகு உதிரும். இலை போன செடி புதுத் தளிர் விட, அதற்கும் நோய் வர, இரண்டு பருவத்தில் செடி ஓய்ந்துபோகும். ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், ஜூனில் ஒரு பருவமும் அக்டோபரில் இன்னொரு பருவமும் வரும் ஊரில் இந்தப் பூஞ்சைக்குப் பஞ்சமே இல்லை.

கோடையில் இதற்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது. பகல் வெப்பம் 30ஐத் தாண்டினால் பூஞ்சை தளரும், இலையும் சீக்கிரம் உலரும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியோடு கொட்டும் கோடைமழை அந்த அனுகூலத்தைக் கெடுத்துவிடும். மாலை ஐந்து மணிக்கு நனைந்த இலை, காற்றில் ஈரம் நிறைந்த இரவில் விடியும்வரை காய்வதில்லை. மாலையில் பூவாளியால் செடியைக் குளிப்பாட்டுபவர்கள் மழை இல்லாத நாளிலும் இதே வேலையைச் செய்கிறார்கள். காலையில், தூரில் மட்டும் ஊற்றுவதே நல்லது.

மழையற்ற வாரங்களில் வேறு எதிரி வருகிறது. இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளுத்த புள்ளிகள் தெரிந்தால் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் மெல்லிய நூலாம்படையும் அசையும் சிறு புள்ளிகளும் இருந்தால் அவை சிலந்திப்பேன்கள். 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுப் பேனாக வளர அவற்றுக்குச் சுமார் ஒன்பது, பத்து நாள் போதும். கருவுறாத பெண் பேனும் முட்டையிடும், அந்த முட்டைகள் எல்லாம் ஆணாகப் பொரிக்கும். எனவே ஒரே ஒரு பேன் ஒட்டிவந்தாலும் குடித்தனம் தொடங்கிவிடும். இவற்றுக்கு இலையின் அடிப்புறத்தில் காலை நேரத்தில் வேகமாக நீர் பீய்ச்சுவது பலன் தரும். பூஞ்சைக்குப் பயந்து இலையை நனைக்காமலே விட்டால் பேன் பெருகும், பேனுக்குப் பயந்து மாலையில் நனைத்தால் பூஞ்சை பெருகும். பாதுகாப்பான பொழுது காலை மட்டுமே.

மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. நகரத்தின் மேடுகளில் இருப்பது செம்புறை மண். பல்லாண்டு மழை அதிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டதால் அது அமிலத்தன்மை மிக்கது. இரும்பும் அலுமினியமும் மிஞ்சி, போடும் பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். லேசான அமிலத்தன்மையே ரோஜாவுக்கு உகந்தது. நடுவதற்கு முன் சுண்ணாம்பும், பிறகு எலும்புத்தூளும் தொழு உரமும் போடுவது இதற்குத்தான். மொட்டைமாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பவர்கள் தொட்டிக்கு நிழலும் செடிக்கு வெயிலும் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டால் வேர் வேகாமல் தப்பும்.

வெப்ப நாட்டுக்கென்றே ரோஜாவை உருவாக்கும் முயற்சி இந்தியாவில் நெடுநாளாக நடக்கிறது. துரு நோயைத் தாங்கும் கோதுமைகளை உருவாக்கியவரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி. பி. பால் (1906–1989), ரோஜாவிலும் பல ரகங்களைத் தந்தார். இந்தியாவில் ரோஜா வளர்ப்பது பற்றிய அவரது ஆங்கில நூல் 1966இல் வந்தது. அவருடைய ரகங்கள் தில்லியின் குளிர்காலத்தில் நன்றாக வந்தன. குளிர்காலமே இல்லாத கடற்கரைக்கு இன்னும் வேறு இரத்தம் தேவைப்பட்டது.

அதைத் தேடிப் போனவர்கள் கொடைக்கானலில் குடியேறிய எம். எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும். இந்திய ஆட்சிப் பணியை இடையில் விட்டுவிட்டு ரோஜாவுக்கு வந்தவர் வீரராகவன். அவர்கள் கையில் எடுத்தது இரண்டு காட்டு ரோஜாக்களை. ஒன்று மணிப்பூர், பர்மா மலைகளில் மரமேறும், பெரிய பூவுடைய ரோசா ஜைஜான்டியா. இன்னொன்று ரோசா கிளினோஃபில்லா. வங்காளத்தின் தாழ்ந்த சமவெளியில் நீர்நிலைகளின் ஓரத்தில், மழைக்காலத்தில் வேர் நீருக்குள் மூழ்கியிருந்தாலும் அழுகாமல் வளரும் ஐந்திதழ் வெள்ளை ரோஜா. சூட்டையும் நீர்த்தேக்கத்தையும் ஒருசேரத் தாங்கும் ரோஜா இனம் அபூர்வம். உலகச் சந்தையின் பெரிய ரோஜா நிறுவனங்கள் குளிர் நாட்டுக்காரர்களுடையவை என்பதால் இதை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு இ. கே. ஜானகி அம்மாளின் பெயர் சூட்டப்பட்டது. தலச்சேரியில் 1897இல் பிறந்து, குரோமோசோம் ஆய்வில் உலகப் பெயர் பெற்ற தாவரவியலாளர். சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டவர். 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். காட்டு ரோஜாவையும் தோட்ட ரோஜாவையும் கலப்பதில் வரும் முதல் தடங்கலே அவருடைய துறையைச் சேர்ந்தது: காட்டு ரோஜாக்கள் பலவற்றில் 14 குரோமோசோம்கள், இன்றைய பெரும்பூ ரகங்களில் 28. இரண்டையும் கலந்தால் 21 வந்து, பெரும்பாலும் மலட்டுச் செடியாகிவிடும். அதிலிருந்து தப்பும் சில விதைகளை நம்பித்தான் வளர்ப்பாளர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்.

புதிய ரகம் கைக்கு வரும்வரை நாட்காட்டியை மாற்றிக்கொள்வதே திருவனந்தபுரத்துக்கு எளிய வழி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நவம்பர் இறுதியில் கவாத்து செய்தால் ஆறு, ஏழு வாரத்தில், ஜனவரி நடுவில் பூ வரும். காற்று உலர்ந்து இரவு சற்றே ஆறியிருக்கும் அந்தச் சில வாரங்களே நகரத்தின் ரோஜாப் பருவம். கோடையில் பலமாக வெட்டக் கூடாது. வெட்டிய தண்டு வெயிலில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். வாடிய பூவை மட்டும் கிள்ளி, தூரில் தேங்காய் நார்க்கழிவால் மூடாக்கு இட்டு, பிற்பகல் வெயிலுக்கு மட்டும் நிழல் கிடைக்கும் கிழக்கு முகத்தில் வைத்திருந்தால் செடி மே மாதத்தைத் தாண்டும். ஜூன் முதல் வாரத்தில் மழை இறங்குவதற்கு முன் செடியடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளைக் கூட்டி எரித்துவிட வேண்டும்; கரும்புள்ளிப் பூஞ்சை அடுத்த ஈரத்துக்குக் காத்திருப்பது அந்தச் சருகில்தான்.